கைப்பேசிக்கு உடையவர் யார்?

காசு கொடுத்து ஒரு வீட்டை வாங்குகிறோம். விற்றவர், “கூடத்தில் குடியிருங்கள், உள்ளறைச் சாவி மட்டும் என்னிடமே இருக்கும்” என்று சொன்னால் ஒப்புவோமா? ஒருநாளும் ஒப்ப மாட்டோம். ஆனால், கைப்பேசி வாங்கும்போது மட்டும் வாய் திறவாமல் ஒப்பிவிடுகிறோம்!

லிங்கராஜபுரத்தில் நான் தங்கியிருக்கும் அறையில் இருப்பவர் நால்வர். மூலையில் கிடக்கும் பழைய கைப்பேசிகளோ ஐந்து. அவற்றுள் ஒன்றும் உடைந்ததன்று. செய்தவர்கள் பாதுகாப்புத் திருத்தங்கள் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவே. நல்ல பொருள் குப்பையாகிறது. ஏழை மாணவன் மீண்டும் கடன் வாங்குகிறான்.

இதற்கு வழி தேடித்தான் ‘ரூட்’ பற்றிக் கற்கத் தொடங்கினேன். ஆண்ட்ராய்டின் அடித்தளம் லினக்ஸ். அதில் எல்லா அதிகாரமும் உடைய பயனருக்கு ‘ரூட்’ என்று பெயர். நமக்கு மறுக்கப்பட்ட அந்த அதிகாரத்தைப் பெறுவதே ரூட் செய்தல். இருக்கும் மென்பொருளை அகற்றி வேறொன்றைக் குடியேற்றுவது ‘கஸ்டம் ராம்’. இரண்டும் ஒன்றல்ல. பழைய கைப்பேசிக்கு உயிர் கொடுக்க ராம் போதும், ரூட் வேண்டுவதில்லை. இரண்டுக்கும் பொதுவான தலைவாயில் ‘பூட்லோடர்’. அதன் பூட்டைத் திறந்தால் உள்ளிருக்கும் படங்களும் செய்திகளும் அழிந்துபோகும். எனவே, முதலில் படியெடுத்து வையுங்கள்.

இதைக் கள்ளத்தனம் என்று எண்ண வேண்டா. ஆண்ட்ராய்டின் மூலநிரல் திறந்து கிடப்பது. அதைக்கொண்டு 2009இல் எழுந்தது சயனோஜென்மாட். 2016இன் இறுதியில் அது நின்றபோது, தன்னார்வலர்கள் ‘லீனேஜ் ஓஎஸ்’ என்ற பெயரில் அப்பணியைத் தொடர்ந்தனர். சென்னை ஐ.ஐ.டி.யின் அரவணைப்பில் வளர்ந்த நிறுவனம் ஒன்று 2023 ஜனவரியில் காட்டிய ‘பாரோஸ்’ கூட அந்தத் திறந்த மூலத்தின் மேல் கட்டியதே.

“ஆபத்தில்லையா?” என்பர் சிலர். உண்டு. திறந்த வாயிலில் திருடனும் நுழையலாம். வங்கிச் செயலிகள் பல அத்தகைய கைப்பேசியில் இயங்க மறுக்கும். வேறொரு மாதிரிக்குச் செய்த கோப்பை ஏற்றினால் கைப்பேசி வெறுங்கல்லாகிவிடலாம். ஆகவே, பணம் அனுப்பும் கைப்பேசியைத் தொடாதீர்கள். மூலையில் கிடப்பதை எடுங்கள். அதன் மாதிரி எண்ணை மும்முறை பாருங்கள். பிறகு கை வையுங்கள்.

ஆபத்து உண்டு என்பதற்காகச் சாவியை மற்றவர் வைத்துக்கொள்வது முறையாகுமா? அடுப்பு சுடும் என்று எவரும் அடுக்களையைப் பூட்டுவதில்லை. பூட்டைத் திறக்க வழியே தராத நிறுவனங்களும் உள்ளன. திருத்தம் நிறுத்தும் நாளில் சாவியைத் தந்துவிட வேண்டும் என்பதைச் சட்டமாக்கக் கோர வேண்டும். காப்பவர் கைவிட்டால், காக்கும் உரிமை உடையவனுக்கே வர வேண்டும் அல்லவா?

அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. நம் மன்றம் ஒரு விடுமுறை நாளில் கூடட்டும். ஆளுக்கொரு பழைய கைப்பேசியோடு வாருங்கள். தெரிந்தவர் சொல்லட்டும், தெரியாதவர் கேட்கட்டும், கற்றதைத் தமிழில் எழுதி அடுத்து வருவோர்க்கு வைப்போம். உடைமை என்பது சட்டைப்பையில் இருப்பதன்று. நம் சொல் கேட்பது!