இறங்கி நடக்கவேண்டிய சாலை

விடுமுறைக்கு வெளிநாடு செல்வது இன்று செல்வர்க்கு மட்டும் உரிய வழக்கமன்று. பெங்களூருவில் ஜீவனஹள்ளி, காக்ஸ் டவுன் போன்ற பகுதிகளில் வாழும் நடுத்தரத் தமிழ்க் குடும்பங்களும் சில ஆண்டுச் சேமிப்பை அதற்கென ஒதுக்குகின்றன. பெருநகரங்களைச் சுற்றிப் பார்ப்பதைவிட, மலையும் தோட்டமும் சூழ்ந்த நாட்டுப்புறச் சாலைகளில் காரில் செல்வதையே பலர் விரும்புகின்றனர். இவ்விருப்பம் வரவேற்கத்தக்கது. ஆனால் அதை நாம் திட்டமிடும் முறை, பெரும்பாலும் அவ்விருப்பத்திற்கே எதிராக அமைந்துவிடுகிறது.

பத்து நாளில் ஐந்து நாடுகள் என்று ஒரு பட்டியல் கைக்கு வருகிறது. காலையில் ஓர் ஊர், மாலையில் மற்றோர் ஊர். இடையில் உள்ளதெல்லாம் கண்ணாடிக்கு வெளியே ஓடி மறைகிறது. வெளிநாட்டு மலைகளை நமக்கு முதலில் காட்டியது திரைப்படமே. 1969-இல் வெளிவந்த 'சிவந்த மண்' ஐரோப்பாவில் படமாக்கப்பட்ட காலந்தொட்டு, சரணத்திற்கு ஒரு மலையாக மாறும் பாடற்காட்சியே வெளிநாடு பற்றிய நம் கற்பனையாயிற்று. அக்கற்பனையின்படியே பயணமும் அமைந்தால், திரும்பி வரும்போது கையில் படங்கள் இருக்கும். சொல்வதற்குச் செய்தி இராது.

நாட்டுப்புறச் சாலைப் பயணத்தின் பயன், கடந்த தொலைவில் இல்லை. வண்டியை நிறுத்தி இறங்கிய இடங்களிலும், அங்கு வாழ்வோரிடம் பேசிய பேச்சிலும்தான் இருக்கிறது. ஆகவே முதன்முறையாக இத்தகைய பயணம் மேற்கொள்ளும் தமிழ்க் குடும்பம், நாம் இறங்கிப் பேசக்கூடிய ஒரு நாட்டைத் தேர்வது நன்று. அவ்வகையில் இலங்கையின் மலையகத்திற்கு நிகரான வேறோர் இடம் எனக்குத் தெரியவில்லை.

பெங்களூருவிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். மாலை நெரிசலில் ஜீவனஹள்ளியிலிருந்து நம் விமான நிலையத்தைச் சென்றடையவே அதற்கு இணையான நேரம் ஆகிவிடக்கூடும். அந்நாட்டிலும் வாகனங்கள் இடப்புறமே செல்கின்றன. சிங்களத்தோடு தமிழும் ஆட்சிமொழியாதலால் சாலைப் பெயர்ப்பலகைகளில் நம் எழுத்தையும் காணலாம்.

கொழும்பிலிருந்து கண்டி ஏறத்தாழ 115 கிலோமீட்டர். வழியில் கடுகண்ணாவைக் கணவாயில், அச்சாலையை அமைத்த ஆங்கிலேயப் பொறியாளர் டாசனின் நினைவுக் கோபுரம் நிற்கிறது. கண்டிக்கு அப்பால் கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியா செல்லும் சாலைதான் இப்பயணத்தின் உயிர். ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவே ஆயினும், வளைந்து வளைந்து ஏறி 1,868 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. அருவிகளும், மடிப்பு மடிப்பாய்த் தேயிலைச் சரிவுகளும், அவற்றின் இடையே வெண்ணிறத் தொழிற்சாலைகளும் ஒவ்வொரு வளைவிலும் தோன்றும். நுவரெலியாவிலிருந்து மேற்கே தலவாக்கலை, ஹட்டன் பக்கம் சென்றால் சென் கிளேயர், டெவோன் அருவிகள். கிழக்கே சென்றால் சீதா எலியா, வெலிமடை, பண்டாரவளை; அப்பால் எல்லைக்கு அருகே தெமோதரையில், 1921-இல் திறக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலம்.

இவ்வளவு அழகும் தானாக விளைந்ததன்று. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் கண்டிக்கு அருகே லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதற்கு முன் அம்மலைகளில் விளைந்தது காப்பி. 1869 முதல் பரவிய இலைநோய் காப்பியை அழிக்கவே, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. இரண்டு பயிருக்கும் காடு வெட்டி, கல் சுமந்து, சாலை போட்டு, கொழுந்து பறித்தவர்கள் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து சென்ற ஏழைகள். படகில் மன்னார்க் கரை சேர்ந்து, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தனர். நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டோர் பலர்.

ஜீவனஹள்ளி வாசகர்கள் இங்குச் சற்று நின்று எண்ண வேண்டும். 1809-இல் ஆங்கிலேயர் பெங்களூருவில் தண்டு அமைத்தனர். அதன் பின்னர் படைவீரராகவும், வணிகராகவும், கைவினைஞராகவும், கூலியாட்களாகவும் தமிழர் இங்கு வந்து குடியேறினர். 'ஹள்ளி' என்றால் கன்னடத்தில் சிற்றூர். இச்சிற்றூரும் சுற்றுப்புறமும் நகரமாக வளர்ந்ததில் தமிழருக்கும் பங்குண்டு. அதே நூற்றாண்டில் பிழைப்புத் தேடிப் புறப்பட்ட வேறு சிலர் கடல் கடந்து மலையேறினர். ஒருவருக்குத் தண்டு வாய்த்தது. மற்றவருக்குத் தோட்டம் வாய்த்தது. நாம் இன்று சுற்றுலாப் பயணியாக அங்குச் செல்ல முடிகிறது என்பதும், அவர்களுள் பலர் இன்றும் நாட்கூலிக்குக் கொழுந்து பறிக்கிறார்கள் என்பதும், அன்று பிரிந்த அவ்விரு பாதைகளின் விளைவே.

அதற்குப் பின் நடந்ததும் அறியத்தக்கது. 1948-இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கியது. 1964-இன் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பதென்றும் பிரித்தது. எஞ்சியோரின் நிலை பின்னர்த் தீர்மானிக்கப்பட்டது. நாடற்றிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-இல்தான் வந்தது. இந்தியா திரும்பியோரின் மறுவாழ்வுக்காகவே 1968-இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. அவையே பின்னர் 'டான்டீ' நிறுவனமாயின. கருநாடகத்திலும் சுள்ளியாப் பகுதியில் இரப்பர்த் தோட்டங்களில் தாயகம் திரும்பியோர் குடியமர்த்தப்பட்டனர்.

இவ்விடத்தில் ஒரு நியாயமான கேள்வி எழும். தேயிலைச் சரிவைக் காண ஏன் கடல் கடக்க வேண்டும்? மைசூரு, பந்திப்பூர் வழியாகக் கூடலூர் சென்றால் அதே பசுமை இல்லையா? இருக்கிறது. கையில் பணம் குறைவாக இருப்போர் அங்குச் செல்வதே அறிவுடைமை. பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்படுவதால், அப்பயணம் நம்மைப் பகலில், நிதானமாகச் செல்லவும் பழக்குகிறது. கூடலூரில் தாயகம் திரும்பியோரின் குடியிருப்புகளை ஒருமுறை கண்டவர்க்கு, அவர்களுடைய பாட்டன் பாட்டி உழைத்த மலைகளைக் காணும் விருப்பம் எழுவது இயல்பு. ஒரே வரலாற்றின் ஒரு பாதி கூடலூரில் உள்ளது. மறுபாதி ஹட்டனில் உள்ளது. ஆகவே இவ்விரண்டையும் போட்டியாகக் கருதாமல், அடுத்தடுத்த ஆண்டுகளின் பயணமாகக் கொள்ளலாம்.

அங்குச் சென்றபின் எவ்வாறு நடந்துகொள்வது என்பது காட்சியைவிட முக்கியமானது. கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாள், மாலையில் தராசின் முன் முடிகிறது. குறித்த எடை குறைந்தால் கூலியும் குறையக்கூடும். நம் படத்திற்காக அவர் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அவருடைய எடையிலிருந்து கழிகிறது. எனவே சரிவில் வேலை செய்வோரைத் தொலைவிலிருந்து படமெடுத்துக்கொண்டு போவதைவிட, வேலை முடிந்து வருவோரிடம் "வணக்கம் அக்கா, எந்த ஊர் உங்கள் பூர்வீகம்?" என்று கேட்பது மேல். அவருக்கு விருப்பமிருந்தால் பேசுவார். பாட்டன் சொன்ன ஊர்ப்பெயரையும் சொல்வார். இவ்வாறு ஒருவர் பேச்சைக் கேட்கும் வாய்ப்பு, ஆல்ப்ஸ் மலையில் நம்மில் பெரும்பாலோர்க்கு வாய்ப்பதில்லை.

செலவும் அவ்வாறே. பெரிய விடுதியில் எல்லா உணவையும் முன்பணம் கட்டி முடித்துவிட்டால், சாலையோரத் தேநீர்க்கடைக்கும் உணவகத்திற்கும் நம்மால் ஒரு பயனும் இல்லை. இரண்டு இடங்களை மட்டும் தங்குமிடமாகக் கொண்டு, கண்டியில் இரு நாள், ஹட்டன் அல்லது நுவரெலியாவில் நான்கு நாள் என்று அமைத்துக்கொண்டால், பெட்டி கட்டும் வேலை குறையும். சிறு கடைகளில் உண்ணவும் பொருள் வாங்கவும் நேரம் கிடைக்கும்.

வண்டியை நாமே ஓட்ட வேண்டுமா? வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் வழங்கும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி ஓராண்டுக்குச் செல்லும். ஆனால் இலங்கையில் அது மட்டும் போதாது. அந்நாட்டின் ஒப்புதலையும் பெற வேண்டும். அதைப் பெறாமல் ஓட்டி விபத்து நேர்ந்தால், காப்பீடு கைகொடுக்காமற் போகலாம். மலைவளைவில் ஓட்டுபவரின் கண்ணுக்குச் சாலையன்றி வேறொன்றும் தெரியாது என்பதும் உண்மை. எனவே உள்ளூர் ஓட்டுநரோடு வாடகைக் கார் அமர்த்துவதே தக்கது. அவருக்கு உறங்க இடமுண்டா என்று விடுதியில் முன்னரே கேட்டறிவது நம் கடமை. ஓய்வற்ற ஓட்டுநர் அவருக்கும் நமக்கும் ஆபத்து.

மழையையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் வீசிய தித்வா புயல் மலையகத்தில் பெரும் நிலச்சரிவுகளை உண்டாக்கி, நூற்றுக்கணக்கானோரின் உயிரைப் பறித்தது. சனவரி முதல் ஏப்ரல் வரை பொதுவாக மழை குறைந்த காலம். எக்காலத்தில் சென்றாலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்து, சாலை திறந்திருக்கிறதா என்று ஓட்டுநரிடம் உறுதி செய்த பின்னரே மலையேற வேண்டும். ஒரு நாள் காத்திருக்க இடமில்லாத திட்டம், மலைச் சாலைக்கு ஏற்ற திட்டமன்று.

இனி வங்கி தொடர்பான சில. பயணத்திற்கெனத் தனியே தொடர் வைப்பு தொடங்கி, ஓராண்டு சேர்த்த தொகைக்குள் பயணத்தை அடக்குவதே சிறப்பு. ஏழு நாள் விடுமுறைக்கு ஈராண்டுத் தவணை கட்டும் நிலை வந்தால், மகிழ்ச்சி தீர்ந்த பின்னும் கடன் தீராது. 2020-இன் ரிசர்வ் வங்கி விதிப்படி புதிதாக வழங்கப்படும் அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும்; வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே இயக்கி, வரம்பும் குறித்துக்கொள்ள வேண்டும். கடையில் அட்டையைத் தேய்க்கும்போது, இந்திய ரூபாயிலா உள்ளூர்ப் பணத்திலா என்று இயந்திரம் கேட்டால், உள்ளூர்ப் பணத்தையே தேர்க. இந்திய ரூபாயைத் தேர்ந்தால் கடைக்காரரின் இயந்திரம் வகுத்த மாற்றுவிகிதம் நம் தலையில் விழும், அது பெரும்பாலும் நமக்குப் பாதகமானதே. 2024 பிப்ரவரி முதல் இலங்கையில் யுபிஐ வழியாகவும் பணம் செலுத்தலாம். ஆயினும் தோட்டப்புறச் சிறுகடைகளுக்குச் சில்லறை நோட்டுகள் கையில் இருக்கட்டும். முகவரிடம் வெளிநாட்டுச் சுற்றுலாத் திட்டம் வாங்கும்போது மூலத்தில் பிடிக்கப்படும் வரி, வருமான வரிக் கணக்கில் ஈடு செய்யத்தக்கது. அதைக் கணக்கில் கோராதவர் தம் பணத்தையே விட்டுக்கொடுக்கிறார்.

ஐரோப்பாவும் நியூசிலாந்தும் நல்ல நாடுகளே. வசதியும் காலமும் வாய்த்தோர் அங்கும் சென்று வரட்டும். ஆனால் பிள்ளைகளை முதன்முறையாக வெளிநாட்டுச் சாலையில் அழைத்துச் செல்லும் பெற்றோர், பசுமையான சரிவைக் காட்டுவதோடு நிறுத்தாமல், "இதை உருவாக்கியவர் யார்?" என்னும் கேள்வியையும் அவர்கள் கேட்கும்படி செய்யலாம். அக்கேள்விக்கு நம் மொழியிலேயே விடை கிடைக்கும் மலைகள் ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கின்றன. இவ்வாண்டு விடுமுறைப் பட்டியலிலிருந்து சில ஊர்களை நீக்கிவிட்டு, அங்குச் சில நாட்களைக் கூட்டிக்கொள்வோம்.