அந்த ஆல்பத்தைச் சும்மா விடுங்களேன்!

ஜார்ஜ் ஹாரிசனின் 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' ஆல்பத்தை, 1970 நவம்பரில் கடைக்கு வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே, முதலிலிருந்து கடைசிவரை கேட்க வேண்டும். ஆசை அவ்வளவுதான். இதற்குப் போய் இத்தனை பாடா?

செல்போனில் பெயரைத் தட்டினால் ஒரே அட்டைப்படம் வரிசைகட்டி நிற்கிறது. ஒன்று ரீமாஸ்டராம், இன்னொன்று ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பாம், மற்றொன்று சூப்பர் டீலக்ஸாம். பழையபடி கேட்க எதைத் தொடுவது என்று யாரும் சொல்வதில்லை. குத்துமதிப்பாக ஒன்றைத் தொட்டேன். 23 உருப்படி இருந்த ஆல்பம் 70 உருப்படியாக ஊதிக் கிடக்கிறது! 'இஸின்ட் இட் எ பிட்டி' பாட்டை அவரே ஆல்பத்தில் இரண்டு தடவை வைத்திருந்தார். ஏழு நிமிஷப் பாட்டாக முதல் பக்கத்தின் முடிவில் ஒரு தடவை, சுருக்கமாக நான்காம் பக்கத்தில் ஒரு தடவை. யோசித்து வைத்த இடங்கள் அவை. இப்போது அதே பாட்டு, கழித்துப்போட்ட பதிவுகளாகவும் வந்து கழுத்தறுக்கிறது. எது முடிவானது, எது பாதியில் விட்டது என்று கேட்கிறவருக்கு எப்படித் தெரியும்?

இந்த மனுஷனுக்கு ராசியே அப்படித்தான் போலிருக்கிறது. பீட்டில்ஸில் இருந்தவரை லெனனும் மெக்கார்ட்னியும் எழுதியது போக மிச்ச இடம்தான் இவருக்கு. பெரும்பாலும் ஒரு ஆல்பத்துக்கு இரண்டு பாட்டு. 1969-ல் வந்த 'அபே ரோடு' ஆல்பத்திலும் அதே இரண்டுதான். அவை 'சம்திங்', 'ஹியர் கம்ஸ் த சன்' என்பதைச் சொன்னால் போதும், ஒதுக்கீடு எவ்வளவு அநியாயம் என்று புரிந்துவிடும். 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' என்ற தலைப்புப் பாட்டைக்கூட அந்த வருஷம் ஜனவரியில் குழுவாக உட்கார்ந்து ஒத்திகை பார்த்தார்கள். ஆனால் எடுத்துக்கொள்ளவில்லை. அதே மாதம் 10-ம் தேதி கோபித்துக்கொண்டு எழுந்து போனவர் அன்றைக்கே எழுதிய பாட்டுதான் 'வா-வா'. இப்படிச் சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டியபோது மூன்று இசைத்தட்டு ஆனது. மூன்றாவது தட்டு பெரும்பாலும் நண்பர்கள் கூடி அடித்த வாத்தியக் கச்சேரி. அதை நானும் பல நாள் தாண்டிப் போவதுண்டு, போகட்டும்.

வெளியே வந்த பிறகாவது நிம்மதியாக விட்டார்களா? 'மை ஸ்வீட் லார்ட்' பாட்டின் மெட்டு, 1963-ல் சிஃபான்ஸ் குழு பாடிய ஒரு பாட்டின் மெட்டு என்று வழக்கு. தன்னை அறியாமலே எடுத்துவிட்டார் என்று 1976-ல் தீர்ப்பு. அதோடு முடிந்ததா என்றால், இவருடைய பழைய மேனேஜர் ஆலன் கிளைன், வழக்குப் போட்ட கம்பெனியின் உரிமையையே விலைக்கு வாங்கி எதிர்த்தரப்பில் போய் உட்கார்ந்துகொண்டார். கூட இருந்தே குழி பறிப்பது என்றால் இதுதான்.

அதெல்லாம் பழைய கதை. என் வயிற்றெரிச்சல் மிக்ஸ் பற்றியது, அதாவது பதிவான ஒலிகளைக் கலந்த விதம் பற்றியது. தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டருக்கு ஒரு பாணி உண்டு. ஏகப்பட்ட பேரை ஒரே நேரத்தில் வாசிக்கவிட்டு, எல்லாவற்றையும் எதிரொலியில் முக்கி எடுப்பார். எரிக் கிளாப்டன், ரிங்கோ, பில்லி பிரெஸ்டன், பேட்ஃபிங்கர் குழுவினர் என்று இந்த ஆல்பத்தில் ஒரு கூட்டமே உண்டு. 'வா-வா'வை ஹெட்போனில் கேட்டால் தெரியும். ஒற்றைக் கிட்டார் தொடங்கும். அடுத்து ஸ்லைடு கிட்டார், டிரம்ஸ், ஊதுகருவிகள் என்று ஒன்றன் மேல் ஒன்று ஏறிவிடும். அந்த இரைச்சலுக்கு நடுவே தொண்டையைக் கொடுத்து ஹாரிசன் பாடுவார். ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பின் புது மிக்ஸில் குரலை இழுத்து முன்னால் நிறுத்திவிட்டார்கள். "தெளிவாக இருக்கிறதே" என்கிறார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாட்டின் கோபமே அந்த நெரிசலில்தானே இருந்தது? நெரிசலை விலக்கியதும் கோபமும் போய்விட்டது.

"ஹாரிசனுக்கே அந்த எதிரொலி பிடிக்கவில்லையாமே" என்று இதற்குப் பதில் சொல்பவர்கள் உண்டு. வாஸ்தவம், 2001-ல் வந்த மறுவெளியீட்டில் அவரே எழுதியிருக்கிறார். ஆனால் அவர் என்ன செய்தார் என்பதையும் பாருங்கள். அந்த மறுவெளியீட்டின் அட்டையில் தன் வீட்டுப் புல்வெளிக்குப் பின்னால் கட்டடங்களை வரையச் சொல்லிக் கிண்டல் பண்ணினார், சில பாட்டுகளைக் கூடுதலாகச் சேர்த்தார், 'மை ஸ்வீட் லார்ட்' பாட்டைப் புதிதாக ஒரு தரம் பாடியும் வைத்தார். எல்லாம் கூடுதல்தான், பழைய மிக்ஸில் கை வைக்கவில்லை. முழு உரிமையும் உள்ளவர், குறையும் தெரிந்தவர், அப்படியே விட்டார். அந்த ஆண்டு நவம்பரில் போயும் சேர்ந்தார். 2021-ல் மொத்தமும் ரீமிக்ஸ் ஆகி வந்துவிட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டார்.

அதிலும் ஒரு பதிப்பு மரப்பெட்டியில் வந்தது. அப்போது விலை கிட்டத்தட்ட 1,000 டாலர். உள்ளே என்ன? தட்டுகள், புத்தகங்கள், கூடவே அட்டைப்படத்தில் ஹாரிசனைச் சுற்றிக் கிடக்கும் தாடிக் குள்ளர்களின் பொம்மைகள், போதாததற்கு ஹாரிசனே ஒரு பொம்மையாக! வாங்குகிறவர்கள் வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ளட்டும், எனக்கு என்ன வந்தது?

புது மிக்ஸ் போடாதே, ஒத்திகையை வெளியிடாதே என்று நான் சொல்லவில்லை. ஹாரிசன் வைத்த மாதிரி பக்கத்தில் வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். பழையது முதலில் வரட்டும், 23-ல் முடியட்டும், அதன் பெயருக்குப் பக்கத்தில் 1970 என்று இருக்கட்டும். நான்கு இலக்கம் போட என்ன செலவாகிவிடும்?