மாதிரிச் சிப்பி



கல்லூரித் தேர்வு முடிந்த மாதங்களில் பெற்றோரிடமிருந்து வரும் கடிதங்களில் ஒரே கவலைதான்: "பிள்ளை நல்லாப் படிக்கான். இன்டர்வியூன்னு போனா மட்டும் வாயடைச்சுப் போறான்." அண்மையில் தூத்துக்குடி துறைமுகத்தை ஒட்டிய ஒரு ஷிப்பிங் அலுவலகத்தில், நேர்காணல் நடத்திய நண்பர்களோடு ஒரு முற்பகல் உட்கார்ந்திருந்தேன். அன்று கண்டதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

ஏற்றுமதி ஆவணப் பிரிவுக்கு ஆள் எடுத்தார்கள். முள்ளக்காட்டிலிருந்து ஓர் இளம்பெண் வந்திருந்தார். "உங்களைப் பத்திச் சொல்லுங்கம்மா" என்றதும் உருப்போட்ட ஆங்கில வரிகள் மளமளவென்று வந்தன. முன்னால் வந்த 6 பேரும் ஏறக்குறைய அதையேதான் ஒப்பித்திருந்தார்கள். நான்காவது வரியில் தட்டி நின்றது, கண் கலங்கிவிட்டது. மூத்த அதிகாரி கோப்பை மூடிவைத்தார்.

"அம்மா என்ன செய்றாங்க?"

"அளத்துல உப்பு வாருதாங்க, சார்." குரல் தாழ்ந்துவிட்டது.

"நீங்க அங்க போனதுண்டா?"

"லீவுல லோடு கணக்கு நான்தான் எழுதுவேன் சார்."

அதன் பிறகு வேறு ஆளாகிவிட்டார். லாரி எண், மூட்டை எண்ணிக்கை, எடைமேடைச் சீட்டு மூன்றையும் நோட்டில் எப்படி எழுதுவார், ஒரு நாள் சீட்டும் நோட்டும் ஒத்துவராமல் லாரியை நிறுத்தி மறுபடி எண்ண வைத்தது எப்படி என்று தமிழிலேயே சொன்னார். அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் தேடிய ஆள் இவர்தான்! ஏற்றுமதி ஆவண வேலையே இப்படி ஒத்துப்பார்ப்பதுதான். கன்டெய்னர் எண்ணில் 4 எழுத்து, 7 இலக்கம். அந்தக் கடைசி இலக்கமே முன்னுள்ளவற்றைச் சரிபார்க்கத்தான். 2016 ஜூலை 1 முதல், எடையைச் சரிபார்த்து அறிவிக்காத பெட்டியைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்பது உலக விதி. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். அளத்து நோட்டில் அந்தப் பெண் பழகியது இதையேதான். அதை மறைத்துவிட்டு, இரவல் வாங்கிய வரிகளோடு வந்திருந்தார்.

தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்த காலத்தையும் இங்கே நினைக்கிறேன். சிப்பி விளையும் கடலடித் திட்டான பாரில் எல்லாரையும் எடுத்தவுடன் இறக்கிவிட மாட்டார்கள். முதலில் கொஞ்சம் மாதிரிச் சிப்பி எடுத்து, அழுகவிட்டு, கழுவி, முத்தைப் பிரித்து மதிப்பிடுவார்கள். அதை நம்பித்தான் வியாபாரிகள் திறக்காத சிப்பியை ஏலம் எடுத்தார்கள். மாதிரி அதே பாரிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏலம் எடுத்தவர் கதி என்ன? முத்தைப் பருமன் பிரிக்க 10 பித்தளைச் சல்லடைகள் இருந்தன. முதலாவதில் 20 துளை, கடைசியில் 1000. பருமனைச் சல்லடை சொல்லிவிடும். ஒளியையும் உருட்சியையும் கண்ணால்தான் பார்க்க வேண்டும். ஆணிமுத்து என்று பெயர் வாங்குவது அந்தப் பார்வையில்தான். மதிப்பெண் பட்டியலை நான் சல்லடையாகவே நினைக்கிறேன். நேர்காணல் அந்த மாதிரிச் சிப்பி. நேர்காணலுக்குப் போகும் பிள்ளைகளே, அரை மணி நேரத்தில் உங்களிடமிருந்து எடுப்பது கொஞ்சம்தான். அது உங்கள் பாரிலிருந்தே வரட்டும்.

மற்றவை சின்ன விஷயங்கள். துறைமுகச் சாலையில் லாரி வரிசை நின்றால் பேருந்து நகராது. அரை மணி முன்னதாகவே போய், முகம் கழுவி, வேர்வை அடங்க உட்காருங்கள். தேய்த்த சட்டை போதும், புதுச் சட்டை வேண்டாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். கேள்வி கேட்கும் இடத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பிள்ளை தடுமாறினால், அவன் கை பட்ட வேலை ஒன்றைப் பற்றிக் கேளுங்கள். தெற்கத்திப் பிள்ளைகளில் பலர் கடை, அளம், வள்ளம், வயல் என்று ஏதோ ஒரு வேலையில் நின்றுதான் படித்திருக்கிறார்கள். அதை வெட்கமாக நினைக்க அவர்களுக்கு யாரோ கற்றுக்கொடுத்துவிட்டார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

கடைசியில், "எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?" என்றார் அதிகாரி. அந்தப் பெண் சற்று யோசித்தார்.

"பேப்பர்ல ஒரு சீல் நம்பர், பெட்டியில வேற சீல் நம்பர் இருந்தா, மொதல்ல யார்கிட்ட சொல்லணும் சார்?"

அதிகாரி ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு, படம் வரைந்து விளக்க ஆரம்பித்தார்.

அன்புடன்,
ஆசிரியர்