நாவல் மாதிரி இல்லையாம்!

சினிமா பார்க்கிற ஒவ்வொருவருக்கும் ஓர் அபிப்பிராயம் இருக்கிறது என்று நம் நாட்டில் ஒரு நம்பிக்கை நிலவுகிறது. நாவல் படிக்கிறவர்களைப் பற்றியும் அப்படியே. இந்த நம்பிக்கையை நான் ஆட்சேபிக்கிறேன். நம்மிடம் ஏராளமாக இருப்பவை கைதட்டல்கள். அதற்கு அடுத்தபடியாக முகச் சுளிப்புகள். அபிப்பிராயம் கொஞ்சம் அபூர்வமான சரக்கு. "ஏன்?" என்று ஒருவர் கேட்டால் அடுத்த வாக்கியம் தயாராக இருக்க வேண்டும். அந்த அடுத்த வாக்கியம் இல்லாதவரிடம் இருப்பது வெறும் உற்சாகம்தான். உற்சாகம் நல்லதுதான். ஆனால் அதற்குத் தீர்ப்பு என்று பெயர் வைத்து ஊரெல்லாம் வழங்கத் தொடங்கும்போதுதான் வம்பு வருகிறது.

நாவல் சினிமாவாகிவிட்டால் நம் ரசிகர்கள் கைவசம் ஒரு தீர்ப்பு எப்போதும் இருக்கும்: "நாவல் மாதிரி இல்லை." கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்' 1968-இல் படமாயிற்று. அப்போது இந்த வாக்கியம் புறப்பட்டது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 2022-இலும் 2023-இலும் இரண்டு பாகங்களாக வந்தபோது, ஐம்பத்து நான்கு வருஷங்களுக்குப் பிறகும், ஓர் எழுத்துக்கூடத் தேயாமல் அதே வாக்கியம் மறுபடி புறப்பட்டது. எந்த இடத்தில் நாவல் மாதிரி இல்லை என்று சொன்னவர்களை நான் துருவிக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். பதிலைத் தோண்டிக்கொண்டே போனால் அடியில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு முகம். மணியம் வரைந்த வந்தியத்தேவன் திரையில் வரவில்லை. கோபுலு வரைந்த மோகனா திரையில் வரவில்லை. அவ்வளவுதான் புகார்! இந்த விமர்சனம் போய்ச் சேர வேண்டிய விலாசம் கதாசிரியருடையதும் அன்று, டைரக்டருடையதும் அன்று, சித்திரக்காரருடையது. அவருக்கு அது மகத்தான பாராட்டு. ஆனால் கதையைப் பற்றி இன்னும் யாரும் ஒரு வார்த்தை சொன்னபாடில்லை.

வாரா வாரம் காத்திருந்து, பத்திரிகை வந்ததும் வீட்டில் யார் முதலில் படிப்பது என்று சண்டையிட்டு, மனத்துக்குள் ஓர் உலகத்தைக் கட்டியவர்களை நான் பரிகசிக்கவில்லை. என் தொழிலே அவர்களால் நடப்பது. அந்த அன்பு பெரிது. அன்பு இருக்கிற இடத்தில் பார்வையும் இருக்க வேண்டும் என்றுதான் மன்றாடுகிறேன்.

இதைப் பரீட்சை செய்து பார்க்க ஓர் இடம் வேண்டுமானால் நீலகிரிக்கு வாருங்கள். தமிழ் ரசிகர் அனைவருக்கும் தெரிந்த ஊர் அது. மதுரையை அறியாதவர்கூட ஊட்டியை அறிவார். அங்கே போயிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஸ்ரீதர் 1967-இல் 'ஊட்டி வரை உறவு' என்று தலைப்பிலேயே ஊரை ஏற்றிவிட்டார். பிறகு வந்த வருஷங்களில் தமிழிலும் இந்தியிலும் எத்தனை ஜோடிகள் அந்தப் புல்வெளிகளில் ஓடிப் பிடித்திருக்கிறார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது. குன்னூர் மலைப் பாதையில் பல் சக்கரம் பிடித்து ஏறுகிற அந்தச் சின்ன ரயிலின் கூரைமேல் நின்று 1998-இல் 'தில் சே' படத்துக்காக ஆடினார்கள், உலகமே பார்த்தது. இத்தனையையும் பார்த்த ரசிகரிடம் நீலகிரியைப் பற்றி என்ன தெரிந்துகொண்டீர்கள் என்று கேளுங்கள். "பிரமாதமான லொகேஷன்!" என்பார். நாடகக் கொட்டகையில் பின்னால் தொங்கவிடுவார்களே ஒரு படுதா, அருவியும் மானும் எழுதியது, அந்தப் படுதாவாகத்தான் ஒரு மலையையே அவர் பார்த்திருக்கிறார்.

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் பஸ் ஒன்றில், முன்னால் மாட்டியிருந்த டெலிவிஷனில் இப்படி ஒரு பாட்டு ஓடிற்று. தேயிலைத் தோட்டத்துக்குள் கதாநாயகி கை விரித்து ஓடுகிறாள். என் பக்கத்தில் எஸ்டேட் வேலை பார்த்து ஓய்ந்த ஓர் அம்மாள். சிறு வயதில் இலங்கையிலிருந்து வந்தவர். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏங்க ஐயா, அந்தப் புள்ள வெறுங்காலோட நெரைக்குள்ள ஓடுதே, கவாத்துக் குச்சி குத்தாதா? அட்டை கடிக்காதா?"

முன் சீட்டில் இருந்த கல்லூரி மாணவர் திரும்பிச் சிரித்தார். "பாட்டி, அது பாட்டு. அதுலபோய் இதெல்லாம் பார்ப்பாங்களா?"

"பாட்டுன்னா காலு இல்லாமப் போயிருமா தம்பி?" என்றார் அந்த அம்மாள்.

என் அபிப்பிராயத்தில், அன்று அந்தப் பஸ்ஸில் இருந்த ஒரே விமர்சகர் அவர்தான். தேயிலைச் செடி இடுப்பளவுக்கு நெருக்கி மட்டம் வெட்டி நிற்கும். அதன் குச்சி கீறாமலிருக்க இடுப்பைச் சுற்றிப் படங்கு கட்டிக்கொண்டு, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து கிள்ளிக் கூடையில் போட்டு நகர வேண்டும். மழை பெய்தாலும் நகர வேண்டும். இதை அறிந்த கண் திரையில் ஒரு பொய்யைக் கண்டது. எந்த இடத்தில் பொய் என்று விரல் வைத்தும் காட்டிவிட்டது. மாணவர் படித்தவர், ஆனால் அவர் சொன்னது, கேள்வியே கேட்காதே என்பதுதான். நம்மில் படித்த ரசிகர்கள் பெரும்பாலோர் இந்த மாணவரின் கட்சி என்பதே என் வருத்தம்.

அந்த அம்மாளின் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், இலங்கை மலையகத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு வந்தாக வேண்டும் என்று தீர்மானமாயிற்று. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968 முதல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் போடப்பட்டன. பிற்பாடு 'டான்டீ' என்று பெயர் பெற்றவை அவை. தலைமுறைகளாகக் கொழுந்து கிள்ளியவர்கள் ஒரு கையெழுத்தினால் கடல் தாண்டி வந்து, இன்னொரு மலையில் மறுபடி கொழுந்து கிள்ளினார்கள். இதைவிடப் பெரிய கதை வேண்டுமா? இவர்களைத் தமிழ் சினிமா எத்தனை தரம் திரும்பிப் பார்த்தது என்று விரல் விட்டு எண்ணினால் விரல்கள் மிஞ்சும். சினிமாக்காரர்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. "எங்கே அந்த ஜனங்கள்?" என்று ரசிகர் கேட்டிருந்தால் அவர்கள் காட்டியிருப்பார்கள். ரசிகர் கேட்டது இன்னும் ஒரு டூயட்.

மற்றொரு சேதி. ஊட்டி சினிமாவுக்குக் கொடுத்தது காட்சியை மட்டும் அன்று, பிலிமையே கொடுத்தது. இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசாங்கத் தொழிற்சாலை 1960-இல் அமைக்கப்பட்டு, 'ஊட்டி வரை உறவு' வெளியான அதே 1967-இல் உற்பத்தியைத் தொடங்கியது. கறுப்பு வெள்ளைப் பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் 'இந்து' என்ற பெயரில் அங்கிருந்து தேசமெங்கும் போயின. நஷ்டம் வளர்ந்தது, காலமும் பிலிமைவிட்டு விலகிற்று, ஆலை அடங்கிவிட்டது. எந்த நடிகருக்கு எந்த நடிகை ஜோடி என்று நாற்பது வருஷக் கணக்கு ஒப்பிக்கிற ரசிகரிடம் இந்த ஆலையைக் கேட்டுப் பாருங்கள். விழிப்பார்.

மலையைப் படுதாவாகவே வைத்துக்கொண்டதன் பலன் என்ன? தொண்ணூறுகளில் பட முதலாளிகளுக்குக் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் அவர்கள் சுவிட்ஸர்லாந்துக்கு விமானம் ஏறினார்கள். அங்கே பனி அதிகம், பச்சையும் அதிகம். படுதாதானே, பெரிதாகக் கிடைத்தால் மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே! ஒரு படத்தின் கதை அந்த மலையில் வேர்விட்டிருந்தால் அதைப் பிடுங்கி ஆல்ப்ஸ் மலையில் நட்டிருக்க முடியாது. 'மூன்றாம் பிறை'யை நினைத்துப் பாருங்கள். 1982-இல் பாலு மகேந்திரா எடுத்தது. கமல்ஹாசனுக்கு நடிப்புக்காகவும், அவருக்கே ஒளிப்பதிவுக்காகவும் தேசிய விருது கிடைத்தது. அதில் மழையும் மஞ்சும் குளிரும் கதையோடு கலந்து நிற்கின்றன. ஈர ரயில் நிலையத்தில் ஒருவன் தன்னை நினைவுபடுத்தப் பைத்தியம்போல் பாடுபடுகிற கடைசிக் காட்சியை வெயிலில் எடுத்திருந்தால் அதன் வலி பாதியாகியிருக்கும். விருது ஸ்ரீதேவிக்கும் சேர வேண்டியது என்று இன்றுவரை வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை எனக்குப் பிடிக்கும். ஏனென்றால் அவர்கள் காட்சி காட்சியாக எடுத்துச் சொல்லி வாதாடுகிறார்கள். அடுத்த வாக்கியம் அவர்களிடம் இருக்கிறது.

இப்போது "நாவல் மாதிரி இல்லை" என்ற வாக்கியத்தை உண்மையாகவே சொல்ல வேண்டிய ஒரு சந்தர்ப்பத்தைக் காட்டுகிறேன். பி. எச். டேனியல் என்ற டாக்டர் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்தவர். வெள்ளைக்காரத் துரைகளின் காலத்தில், கங்காணி நீட்டிய முன்பணத்தை நம்பி மலையேறிய ஏழைகள் பட்ட பாட்டை 1969-இல் 'ரெட் டீ' என்று ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார். இரா. முருகவேள் அதை 2007-இல் 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். அதைத் தழுவி பாலா 2013-இல் 'பரதேசி' எடுத்தார். படம் பார்த்தவர்கள் இரண்டு கட்சியானார்கள். "நெஞ்சை உலுக்கிவிட்டது" என்றது ஒன்று. "இவ்வளவு கொடூரம் வேண்டுமா?" என்றது மற்றொன்று. நாவலில் தொழிலாளியின் பக்கம் நின்று துரைகளோடு மல்லுக்கட்டுகிறவர் ஒரு டாக்டர். எழுதியவரும் அப்படிப்பட்ட டாக்டரே. படத்திலோ டாக்டர் வருகிறார், மதம் பரப்புகிறார், ஆட்டம் ஆடுகிறார்; கேலிச் சித்திரமாக நிற்கிறார். ஒரு மனிதர் தம் வாழ்க்கையிலிருந்து எழுதிய புத்தகத்தை எடுத்துக்கொண்டு, அவருடைய சாயலையே அதில் கோமாளியாக்குவது நியாயமா? புத்தகத்தைப் படித்திருந்த சிலர் இதைக் கேட்டார்கள், கேட்டது சரி. ஆனால் வந்தியத்தேவன் மீசைக்காகப் புறப்பட்ட பெருங்கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதற்குப் புறப்படவில்லை. நாவலுக்கு நேர்ந்த உண்மையான மாறுதல் அவர்கள் கண்ணில் படவே இல்லை.

நாவல் வாசகர்கள், "நாங்கள் சினிமா ரசிகர்கள் மாதிரி இல்லை" என்று தப்பித்துக்கொள்ள வேண்டாம். நீலகிரி படகர்களின் வாழ்வை ராஜம் கிருஷ்ணன் 1963-இல் 'குறிஞ்சித் தேன்' என்று நாவலாக்கினார். படகர் ஹட்டிகளுக்குப் போய், அந்த ஜனங்களோடு பழகி, அவர்கள் பேச்சையும் சடங்கையும் கேட்டறிந்து எழுதியது அது. சாமையும் கோதுமையும் விளைந்த மண்ணில் உருளைக்கிழங்கும் தேயிலையும் வருகின்றன, பணம் வருகிறது, மின்சாரத் திட்டம் வருகிறது, ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பிளந்து, பிறகு ஒட்ட முயல்கிறது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பூக்கும் குறிஞ்சிதான் அங்கே காலண்டர். இதைப் பற்றி நான் அடிக்கடி கேட்ட அபிப்பிராயம் என்ன தெரியுமா? "தகவல் ஜாஸ்தி, கதை கம்மி."

இந்த ஆட்சேபத்தில் துளி நியாயம் உண்டு. சில பக்கங்களில் ஆசிரியை தாம் சேகரித்ததை விட மனமில்லாமல் வைத்திருக்கிறார் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் எது தகவல், எது கதை? ஒருவன் தன் நிலத்தில் சாமையை விட்டுத் தேயிலை போடுவது தகவலா? அவன் வீட்டில் யார் யாரோடு பேசுவார்கள், எந்தப் பெண் எங்கே வாழ்க்கைப்படுவாள், எந்தச் சாமிக்கு யார் விளக்கேற்றுவார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு காரியத்தினால் மாறுகிறதே! காதலன் கடிதம் எழுதினால் அது கதை, விவசாயி பயிர் மாற்றினால் அது தகவல் என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நாவலிலும் நாம் டூயட்டைத்தான் தேடுகிறோம் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

"காசு கொடுத்துப் பார்க்கிறோம், சும்மா பொழுதுபோக்கு. அதற்குப் போய்க் காரணம் சொல்ல வேண்டுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. பொழுது போயிற்று என்று சொல்லி எழுந்து போகிறவரை நான் நிறுத்தி வைக்க மாட்டேன். ஆனால் அவர் அதோடு எழுந்து போவதில்லையே! "மட்டம்", "மகத்தானது", "குப்பை", "காவியம்" என்று வாசலில் நின்று நாலு பேருக்குச் சொல்லிவிட்டல்லவா போகிறார்? அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் அடுத்த படத்துக்குப் பணம் போடுகிறார்கள். அடுத்த நாவலைப் பதிப்பிக்கிறார்கள். விலை இருக்கிற சொல் அது. டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு ஆசனத்தை வாங்கும், தீர்ப்பை வாங்காது. தீர்ப்புக்குத் தனியே ஒரு விலை உண்டு. "எந்த இடம்?" என்ற கேள்விக்குப் பதில் வைத்திருப்பதே அந்த விலை.

பெரிய படிப்பு ஒன்றும் இதற்குத் தேவையில்லை. திரையிலும் பக்கத்திலும் இருக்கிற மனிதர்களைப் பார்க்க வேண்டும். இருக்க வேண்டியவர்கள் இல்லாமற்போனால் அதையும் பார்க்க வேண்டும். 2018-இல் மேற்கு மலைத் தொடரில் பூத்த குறிஞ்சி, கணக்குப்படி 2030-இல் மறுபடி பூக்கும். கூட்டம் கூட்டமாக மலையேறப் போகிறோம், போட்டோ எடுக்கப் போகிறோம், "லொகேஷன் பிரமாதம்" என்று சொல்லப் போகிறோம். அதற்குள் அந்த மலையின் ஜனங்களைப் பற்றி ஒரு நாவலாவது படித்து முடித்திருக்கலாம். படித்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றே சொல்லுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை. எந்த இடத்தில் பிடிக்கவில்லை என்று மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள்.