தலையைப் படம் பிடிக்கும் காந்தம்

கோயமுத்தூருக்கு மோட்டார் பம்பு வாங்க வரும் குடியானவர் குதிரைசக்தியை மட்டும் கேட்டுவிட்டு மடியை அவிழ்ப்பதில்லை. கிணற்றின் ஆழமென்ன, மின்சாரம் தாங்குமா, பழுதானால் பார்க்க ஆள் எங்கே என்று விசாரித்த பின்னரே பணத்தை எண்ணுவார். பல கோடி ரூபாய்க்கு எம்.ஆர்.ஐ. யந்திரம் வாங்கும் வைத்தியசாலை நிர்வாகிகளிற் பலரோ, "எத்தனை டெஸ்லா?" என்ற ஒரே கேள்வியோடு திருப்தியடைந்து விடுகின்றனர்.

டெஸ்லா என்பது காந்தபலத்தின் அளவு. 1.5 டெஸ்லா, பூமியின் காந்தபலத்தைப் போல் சுமார் 30,000 மடங்கு. 3 டெஸ்லாவில் படம் நுணுக்கமாக விழும் என்பது மெய்யே. காக்காய் வலிப்புக்கு மூலமான சிறு தழும்பைத் தேடுங்கால் அது பெருந்துணை. ஆயினும் பக்கவாதத்தையும் கட்டியையும் கண்டறியும் அன்றாட வேலைக்கு 1.5 டெஸ்லா தாராளமாகப் போதும். பலம் இரட்டித்தால், அதே முறையில் எடுக்கும் படத்துக்கு உடலில் ஏறும் உஷ்ணம் நான்கு மடங்காகும். காற்றறைகளை அடுத்த மண்டையோட்டின் அடிப்பகுதியில் படம் அதிகமாகக் கோணும். தலையைச் சூழ்ந்து அமரும் சுருள் சிறந்ததாயிராவிடில் பெரிய காந்தமும் வீணே.

காந்தத்தைக் குளிர்விக்கும் ஹீலியம் அடுத்த செலவு. 1868-ல் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூரில் சூரிய கிரகணத்தின்போது ஜான்ஸன் என்னும் பிரெஞ்சுக்காரர் கண்ட ஒளிக்கோடே இவ்வாயுவின் முதல் அடையாளம். நம் மண்ணிலிருந்து கண்டதை நாம் இன்று அயல்நாட்டாரிடம் விலைக்கு வாங்குகிறோம்! பழைய அமைப்புக்கள் சுமார் 1,500 லிட்டர் கொள்ளும். 7 லிட்டரோடு மூடி முத்திரையிட்டவையும் இப்பொழுது கிடைக்கின்றன. பராமரிப்பு ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தையும் டிரஸ்டிகள் வாசிக்க வேண்டும். அதைப் படியாதவர்களாலேயே எம் போன்ற வக்கீல்கள் பிழைக்கிறோம்.

பெங்களூரில் ஒரு கம்பெனி 1.5 டெஸ்லா யந்திரத்தைச் சுயமாகவே அமைத்திருக்கிறது. சுதேசி என்பதற்காகப் பரீக்ஷையின்றி ஏற்கும்படி நாம் சொல்லவில்லை. பரீக்ஷை செய்யாமலே ஒதுக்குவதைத்தான் ஆக்ஷேபிக்கிறோம். 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின்சார மோட்டார் செய்த ஊர் இது.

யாவற்றினும் முக்கியமான விஷயம் ஒன்றுண்டு. கணபதியிலும் பீளமேட்டிலும் கடைசல், சாணை, வார்ப்பட வேலை செய்வோர் கண்ணில் இரும்புத் துகள் தைத்து, நாளடைவில் மறந்தும் போயிருக்கக்கூடும். காந்தத்தின் முன் அத்துகள் நகருமாயின் பார்வையே போய்விடும். சந்தேகமிருந்தால் முதலில் எக்ஸ்-ரே எடுத்தல் அவசியம். 2018 ஜனவரியில் பம்பாய் வைத்தியசாலை ஒன்றில், நோயாளியின் உறவினர் ஒருவர் பிராணவாயு உருளையுடன் அவ்வறைக்குள் நுழைந்து, காந்தத்தால் இழுக்கப்பட்டு மாண்டார். ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளில் கைநாட்டு வாங்குவது விசாரணையாகாது. "பட்டறையில் வேலை செய்ததுண்டா? கண்ணில் தூள் விழுந்ததுண்டா?" என்று தமிழில் கேட்டறியவும், கதவைக் காக்கவும் இரவு பகல் ஆள் வேண்டும். அவர்களுடைய சம்பளத்தையும் யந்திரத்தின் விலையோடு சேர்த்தே மதிப்பீட்டில் எழுதும்படி கொங்கு நாட்டு வைத்தியசாலை நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.