பூங்காவுக்கு என்ன பெயர்?

மதுரையில் வெளியூர் பஸ் பிடிக்கப் போகிறவரிடம், "எங்கே போகிறீர்கள்?" என்று கேளுங்கள். "மாட்டுத்தாவணி" என்பார்.

அந்த நிலையத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் எம்.ஜி.ஆர். பஸ் நிலையம். அது பலகையில் இருக்கிறது, வாயில் வரவில்லை! தாவணி என்றால் மாட்டுச் சந்தை.

புதிய பூங்காவுக்குப் பெயர் தேடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். தலைவர்களுக்குச் சிலை உண்டு, சாலை உண்டு. தூர்ந்துபோன கண்மாய்க்கு யார் இருக்கிறார்கள்?

மறந்த பெயரைத் தேடி எடுப்பது பெரும்பாடு. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு என்று ஒரு நகரம். 1836-ல் வெள்ளையர் குடியேறுமுன் அது கவுர்னா என்னும் பழங்குடி மக்களின் பூமி. நாளடைவில் அவர்கள் பேச்சே நின்றுபோயிற்று. அதைப் பேசத் தெரிந்த கடைசி மனிதர்களில் ஒருவரான இவாரிட்ஜி என்ற மூதாட்டி 1929-ல் இறந்தார்.

1840-ல் இரண்டு ஜெர்மன் பாதிரிமார் அச்சிட்ட சொற்கள் மிஞ்சின. பெரும்பாலும் அவற்றை வைத்தே பேரப்பிள்ளைகள் தங்கள் பேச்சை மீட்டார்கள். நகரசபையும் பூங்காக்களுக்குக் கவுர்னா பெயர்களைச் சேர்த்துச் சூட்டியது. விக்டோரியா சதுக்கம் 2002-ல் தர்ந்தன்யங்கா ஆயிற்று. அந்தப் பெயருக்குள் ஒரு சிவப்புக் கங்காரு இருக்கிறது!

மதுரைக்கு அந்தச் சிரமம் இல்லை. ஐகோர்ட்டுக் கிளை 2004-ல் வந்த உலகனேரியில், பெயரிலாவது ஏரி நிற்கிறது. மடைக்கு ஒரு பெயர், மேட்டுக்கு ஒரு பெயர் சொல்லும் தாத்தாக்கள் கண்மாய்க் கரைகளில் இன்னும் இருக்கிறார்கள். பலகை எழுதுமுன் அவர்களைக் கேட்கட்டும். தள்ளிப்போட வேண்டாம், அவர்களுக்கு வயதாகிறது.