‘நான் டூரிஸ்ட்’ என்று சொல்லிவிட்டு வாசித்த பேண்ட்

கண்டிப் பக்கம் இருக்கிறவங்களுக்கு டூரிஸ்ட் பார்வை என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. பின்னேரமானா வாவிக்கரைப் பக்கம் டிக்கட் எடுத்துக் கண்டிய நடனம் பார்க்க வரிசையா போவாங்க. எல்ல ரயிலில் கதவோரம் தொங்கிக்கொண்டு தேயிலை மலையைப் படம் எடுப்பாங்க. அந்தப் படத்தில் கொழுந்து பறிக்கிற அம்மாக்களும் இருப்பாங்க, பெயரில்லாம. தோட்டத்திலிருந்து கம்பஸ் வந்த நம்மில் பலருக்கு இன்ஸ்டாகிராமில் அதைப் பார்க்கும்போது ஒரு எரிச்சல் வரும். படம் அழகாத்தான் இருக்கும். ஆனா அதில் லயமும் இல்லை, சம்பளமும் இல்லை, நாங்களும் இல்லை.

இந்த எரிச்சலை வைத்துக்கொண்டே கேட்கவேண்டிய ஓர் இசைத்தொகுப்பு இருக்கு. டியூக் எலிங்டனும் அவருடைய பேண்டும் 1966 டிசம்பரில் மூன்றே நாளில் பதிவு செய்து, 1967இல் வெளியிட்ட ‘ஃபார் ஈஸ்ட் சூட்’. ஸ்விங் காலத்துப் பெரிய பேண்டுகளில் எதைக் கேட்டு ஆரம்பிக்கலாம் என்று யாராவது கேட்டால், 1940களின் பிரபலமான இசைத்தட்டுகளை விட்டுவிட்டு நான் இதைத்தான் சொல்லுவேன். காரணம் முதல் டிராக்கின் பெயரிலேயே இருக்கு: ‘டூரிஸ்ட் பாயிண்ட் ஆஃப் வியூ’. வந்தவர் தன்னை யாரென்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்.

கொஞ்சம் பின்னணி சொல்லணும். எலிங்டன் 1899இல் பிறந்த கறுப்பின அமெரிக்கர். 1927இலிருந்து நியூயோர்க் ஹார்லெமில் இருந்த கொட்டன் கிளப்பில் வாசித்துத்தான் அவருடைய பேண்ட் பேர் எடுத்தது. அந்த கிளப்பில் மேடையில் ஆடினவங்க, பாடினவங்க, வாசிச்சவங்க எல்லாம் கறுப்பினத்தவர். காசு கொடுத்துப் பார்க்க வந்தவங்க வெள்ளையர். அவருடைய அந்தக் காலத்து இசைக்கு ‘ஜங்கிள் ஸ்டைல்’ என்றே பெயர் வைத்தாங்க. அதாவது இந்த மனுசன் வாழ்க்கையின் முதல் பாதியில் பார்க்கப்பட்டவர். டூரிஸ்ட் பார்வையின் மறுபக்கத்தில் நின்றவர்.

பிறகு 1963. பனிப்போர் காலம். அமெரிக்க வெளிவிவகாரத் திணைக்களம் ஜாஸ் கலைஞர்களைத் தூதுவர் மாதிரி உலகம் முழுக்க அனுப்பிக்கொண்டிருந்தது. செப்டம்பரில் எலிங்டனின் பேண்ட் டமஸ்கஸில் தொடங்கி, ஜோர்தான், ஆப்கானிஸ்தான், இந்தியா என்று வந்து, கொழும்பிலும் வாசித்தது. நவம்பரில் கென்னடி கொல்லப்பட்டதோடு பயணம் துருக்கியில் நின்றுபோனது. இந்தப் பயணம் தொடங்கிய அதே செப்டம்பரின் 15ஆம் திகதிதான் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காமில், கறுப்பினத்தவரின் தேவாலயத்தில் வெள்ளை இனவெறியர்கள் வைத்த குண்டு நான்கு சிறுமிகளைக் கொன்றது. உரிமையை முழுசாகக் கொடுக்காத நாட்டின் சார்பில், அந்த நாட்டின் பெருமையாக ஊர் ஊராய் வாசிக்கிறது என்பது லேசான நிலைமை இல்லை.

அவர் வந்திறங்கிய இலங்கை எப்படி இருந்தது? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்களாக இருந்த காலம். அடுத்த வருசமே, 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேருக்கு இங்கே குடியுரிமை, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று எங்கட பாட்டன், பாட்டிகளை எண்ணிப் பிரித்தாங்க. இரண்டு நிலைமையும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை. ஆனா ஒரே தீவில், ஒரே காலத்தில், கொஞ்சத் தூரத்தில் இருந்த இந்த இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்க்கவில்லை. ‘ஃபார் ஈஸ்ட் சூட்’டில் டெல்லி இருக்கு, ஆக்ரா இருக்கு, ஈரானின் இஸ்பஹான் இருக்கு, லெபனானின் ஹரிசா மலை இருக்கு. இலங்கையின் பெயரில் ஒரு டிராக்கும் இல்லை.

இதை ஒரு குறையாகச் சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன். வந்து சில நாள் தங்கிவிட்டு, தேயிலை மலை, யானை, பெரஹெர என்று ஒரு டிராக் போட்டிருந்தால் அதுதான் கோபம் வந்திருக்கும்.

இனி, திரும்பத் திரும்பக் கேட்கவேண்டியவை. பேண்டில் மொத்தம் 15 பேர்: நாலு டிரம்பெட், மூன்று டிரொம்போன், சக்ஸபோனும் கிளாரினெட்டும் வாசிக்கிற ஐந்து பேர், பிறகு பியானோ, பேஸ், டிரம்ஸ்.

முதலில் ‘இஸ்பஹான்’. ஜொனி ஹொட்ஜஸின் ஆல்டோ சக்ஸபோன். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு அவர் தாவ மாட்டார், வழுக்கிக்கொண்டே போவார். நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த வழுக்கல் புதுசா தெரியாது. இதை எழுதியவர் எலிங்டனின் நீண்டகாலக் கூட்டாளி பில்லி ஸ்ட்ரேஹோர்ன். அதுவும் பயணத்துக்கு முன்னமே வேறு பெயரில் எழுதியது. ஊர்ப் பெயர் பிறகுதான் ஒட்டப்பட்டது. தொகுப்பு வந்த அதே 1967இல் ஸ்ட்ரேஹோர்ன் புற்றுநோயால் இறந்தார்.

அடுத்தது ‘புளூபேர்ட் ஆஃப் டெல்லி’. டெல்லியில் ஸ்ட்ரேஹோர்ன் தங்கியிருந்த அறைப் பக்கம் கத்திய ஒரு மைனாதான் இதன் கரு. ஜிம்மி ஹமில்டனின் கிளாரினெட் அந்தக் குரலை எடுத்துக்கொண்டு பறக்கும். இரண்டாம் மொழியாகச் சிங்களம் படித்தவங்களுக்கு ‘சலலிஹினி சந்தேசய’ ஞாபகம் வரலாம். 15ஆம் நூற்றாண்டில் தொட்டகமுவே ஸ்ரீ ராகுல தேரர் மைனாவைத் தூது அனுப்பிய காவியம் அது. தூது இலக்கியம் நம்ம தமிழுக்கும் பழக்கமானதுதான். டெல்லி மைனா எந்தச் செய்தியும் கொண்டுபோகவில்லை. சும்மா கத்தியது, ஒருத்தர் கவனித்துக் கேட்டார், அவ்வளவுதான்.

மூன்றாவது ‘ஆக்ரா’. தாஜ்மஹாலைப் பற்றியது. இன்னொருத்தர் என்றால் சித்தாரையும் தபேலாவையும் கொண்டுவந்து வைத்திருப்பார். எலிங்டன் ஹரி கார்னியின் கனத்த பாரிடோன் சக்ஸபோனைக் கொடுத்தார். அந்தச் சத்தம் இந்தியாவுடையது இல்லை, கார்னியுடையது. 1920களிலிருந்து அந்த பேண்டிலேயே இருந்தவர் அவர்.

எலிங்டனின் முறையே இதுதான். பயணத்தில் கேட்ட தாளத்தையும் ராகத்தையும் அப்படியே பிரதி பண்ணக்கூடாது, உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு காத்திருக்கணும் என்று அவர் பேசியிருக்கிறார். நாலு டிராக் 1964இல் மேடையேறியிருந்தாலும், முழுத் தொகுப்பும் பதிவாக மூன்று வருசம் எடுத்தது. வாத்தியத்துக்கு எழுதாமல், அதை வாசிக்கிற ஆளுக்காக எழுதினார். அதனால்தான் இதில் ஒரு ‘கிழக்கத்திய’ நாடகம் கேட்காது. ஒரு பேண்ட் ஓரிடத்துக்குப் போய்வந்த பிறகு எப்படி மூச்சு விட்டது என்பதுதான் கேட்கும்.

எட்வேர்ட் சயீதின் ‘ஓரியண்டலிசம்’ படித்த ஆர்ட்ஸ் ஃபெகல்டி ஆட்கள் இந்த இடத்தில் கை தூக்குவாங்க. சரிதான். டமஸ்கஸும் டெல்லியும் ‘தூரக் கிழக்கு’ ஆகாது, பெயரே பிழை. ஊர்ப் பெயரைப் பிறகு ஒட்டுகிறதும் விற்பனைத் தந்திரம் மாதிரித்தான் இருக்கு. ‘புளூ பெப்பர்’ என்ற டிராக்கில் வருகிற ராக் தாளம் எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை, அவசரத்தில் சேர்த்த மாதிரி ஒரு உணர்வு. ஆனாலும் சயீதின் கேள்வி, பார்க்கிறவர் தன்னை மறைத்துக்கொண்டு பார்க்கப்படுகிறவருக்காகவும் பேசிவிடுகிறார் என்பது. எலிங்டன் தன்னை மறைக்கவில்லை. எங்களைப் பற்றி எல்லாம் தெரியும் என்றும் சொல்லவில்லை. வருசக்கணக்காகப் பார்க்கப்பட்ட ஒருத்தர், தான் பார்க்கிற முறை வந்தபோது காட்டிய மரியாதை என்றுதான் நான் இதை விளங்கிக்கொள்கிறேன்.

‘ஜாஸ் எல்லாம் கொழும்பு ஆட்களின் இசை, நமக்கு எதுக்கு?’ என்று கேட்கிற நண்பர்களுக்கும் இதுதான் என் பதில். நமக்குத் தப்பு இருக்கு, காமன் கூத்து இருக்கு. அதெல்லாம் இன்றைக்கு மேடைக்கு வரும்போது என்ன நடக்குது? பத்து நிமிசம், கலர் உடுப்பு, ‘மலையகப் பாரம்பரியம்’ என்று ஓர் அறிவிப்பு. யார் அடிக்கிறாங்க, அவருடைய அடி பக்கத்துத் தோட்டத்துக்காரரின் அடியிலிருந்து எப்படி வேறுபடுது என்று யாரும் கேட்பதில்லை. நம்ம இசையை நாமே டூரிஸ்ட் மாதிரித்தான் காட்டிக்கொண்டிருக்கோம். நம்ம நிகழ்ச்சிகளில் முதலில் தப்புக் கலைஞரின் பெயரைச் சொல்லுவோம், அவருக்கு வேண்டிய நேரத்தைக் கொடுப்போம்.

தொகுப்பு முழுசும் முக்கால் மணித்தியாலம்தான், யூடியூபிலேயே கிடைக்கும். கண்டியிலிருந்து வீட்டுக்குப் போற பஸ்ஸில் ஹெட்போன் போட்டு, ‘இஸ்பஹான்’ இலிருந்து ஆரம்பியுங்க.